பின்னிணைப்பில் சன்னாசி அண்ணன்

1

புத்தகம் வந்துவிட்டது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹாரன் அடித்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இரண்டு பிரதிகள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். அட்டையில் ரப்பர் மரம், மூலையில் நம் ஊர் அரசின் முத்திரை. அயலகத் தமிழர் வாழ்வியல் பற்றிப் போன வருஷம் இங்கே கோலசிலாங்கூரில் மூன்று நாள் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கின் ஆய்வுக்கோவை அது. என் கட்டுரையும் அதில் இருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இந்த ஆடி மாசத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. துறையூரில் எம்.ஃபில். தமிழ் முடித்து, முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்த நேரத்தில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை மலேசியா என்றதும் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. விண்ணப்பம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. இப்போது சுங்கை சோவில் வீடு. வீட்டுக்காரர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறார். நான் பர்னிச்சர் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் ஏற்றுமதிச் சீட்டுகள் தட்டுகிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுப்பதால் இந்தப் பக்கத்தில் பலருக்கு நான் 'டீச்சர்'. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுக்கும் இந்த டீச்சரின் சொந்த மகளுக்குக் கடைப் பலகை தாண்டித் தமிழ் வாசிக்க வராது. அந்தக் கூத்தை வேறு எங்கே போய்ச் சொல்ல?

கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பின்னிணைப்பு: தகவலாளி விவரம். பெயர், வயது, தாய் பெயர், தொழில் என்று ஒரு கட்டம். கடைசி வரியில், 'குடியுரிமை: மலேசியர்'.

என் தகவலாளி சன்னாசி அண்ணன் மலேசியர் இல்லை. எந்த நாட்டுக்காரரும் இல்லை. அதைப் பற்றித்தான் அந்தக் கட்டுரையே. அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புத்தகத்தை மூடி அரிசி டின் மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனேன்.

2

நம் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புரிய, அட்டைகளின் கதையைச் சொல்ல வேண்டும். இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. என்னைப் போல வந்து தங்கிவிட்டவர்களுக்குச் சிவப்பு. இரண்டிலும் சேராதவர்களுக்குப் பச்சை; ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். துறையூரில் பிறந்த என்னிடம் இருப்பது சிவப்பு. கெர்லிங் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்த சன்னாசி அண்ணனிடம் இருப்பது பச்சை.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. என் வீட்டுக்காரரின் குடும்பமும் அதே லயத்து வரிசையில் இருந்ததால் பழக்கம். அவர் பிறந்த ஒன்பதாம் நாள் தாய் அங்கம்மா காய்ச்சலில் போய்விட்டார். தகப்பன் அதற்கு முன்பே தோட்டத்தை விட்டு எங்கோ போனவன், திரும்பவில்லை. பக்கத்து வீட்டு மண்டோர்தான், நம் ஊர்க் கங்காணி மாதிரி, பிள்ளையை எடுத்து வளர்த்தார். பிறப்பைப் பதியப் போன மண்டோரிடம் தாயின் அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போனவளின் அட்டையை யார் தேடி எடுத்து வைப்பார்கள்? அதனால் அவருடைய பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில், 'தகவல் கிடைக்கவில்லை' என்று மலாய் மொழியில் அடித்திருக்கிறது. தகப்பன் என்ற இடத்திலும் அதே.

கெர்லிங் தோட்டம் விற்றுப்போனதும் அவரும் மனைவியும் கம்போங் குவாந்தான் போகும் வழியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு வந்தார்கள். குத்தகைக்காரனிடம் குலை வெட்டும் வேலை. அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரன் கட்டணம். நீல அட்டைக்கு மூன்று முறை மனுப் போட்டாயிற்று. வந்த கடிதங்கள், கையில் இருக்கும் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக வைத்திருக்கிறார்: பள்ளிக்கூட அட்டை, அம்மை குத்திய சீட்டு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்த பழைய கிராணி ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடுதாசி.

"டுயிட்டுக்கோ வீட்டுக்கோ கேக்கல டீச்சர். நாளைக்கு நான் செத்தேன்னா அந்த சர்ட்டிபிகேட்டுல என்னை எந்த ஊரு ஆளுன்னு போடுவாங்க? அத மட்டும் தெரிஞ்சிக்கணும்" என்பார். டுயிட் என்றால் இங்கே காசு.

கருத்தரங்க அறிவிப்பு வந்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவர் மேல் இருந்த கரிசனம் மட்டும் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. கள ஆய்வுக்கு முன்னுரிமை, தகவலாளியையும் மேடைக்கு அழைத்து வருவது சிறப்பு என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். கட்டுரை நன்றாக அமைந்தால் அதைக் காட்டி, விட்டுப்போன முனைவர் பட்டத்துக்கு வெளியூர் மாணவியாகப் பதியலாம் என்று ஒருங்கிணைப்பாளர் போனில் சொல்லியிருந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய விண்ணப்பத்தை எடுத்துக்கூடப் பார்த்தேன். நாற்பத்தேழு வயதில் அப்படி ஓர் ஆசை.

அண்ணனைப் போய்ப் பார்த்தேன். வாசலில் குலை வெட்டும் நீண்ட அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இத யாரு டீச்சர் நடத்துறா?"

"அரசாங்கப் பணத்துலதான்ண்ணே நடக்குது."

"அப்போ கவர்மென்டு ஆளுங்க வருவாங்க?"

"வருவாங்க. தொடக்க விழாவுக்கு வருவாங்க."

தீட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்போ ஃபைல எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்றார்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை; எந்த ஊர் அரசாங்கம் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததுமே அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'அண்ணே, இது படித்தவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிக்கொள்ளும் இடம், இங்கே யாரும் யாருக்கும் அட்டை கொடுக்க மாட்டார்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவாரா? வரமாட்டார். அதனால் சொல்லவில்லை.

3

தோட்டத்து மக்களுக்கு அரசாங்கம் என்றால் கவுண்டர். நம்பர் எடுத்து உட்கார வேண்டும், கூப்பிட்டால் போக வேண்டும், கேட்டால் பத்திரத்தைக் காட்ட வேண்டும். அரசாங்கப் பணத்தில் பந்தல் போட்டு, யாருக்கும் எதுவும் தீர்க்காமல், கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைகிற ஒரு கூட்டம் இருக்க முடியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் தொடக்க விழா. பெரிய மனிதர் வர இரண்டு மணி நேரம் தாமதம். வந்ததும் பொன்னாடைகள். போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்தினார், அவருக்கு மற்றொருவர். அன்று காலை அமர்வுகள் மதியத்துக்கும், மதிய அமர்வுகள் மறுநாளுக்கும் தள்ளிப்போயின. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றிருந்தது ஏழு நிமிடம் ஆகி, கடைசியில் நாலு நிமிடத்தில் நின்றது. சான்றிதழை மட்டும் முதல் நாளே எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். 'சிறப்பாகக் கட்டுரை வழங்கியமைக்காக' என்று எழுதிய அட்டையை, வாய் திறப்பதற்கு முன்பே வாங்கிக்கொண்டேன்.

என் அமர்வு மூன்றாம் நாள். மகள் திவ்யா கார் ஓட்டினாள். தோட்டத்து முனையில் அண்ணன் வெள்ளைச் சட்டையைப் பேண்டுக்குள் செருகி, மடியில் ஃபைலோடு பேருந்து நிறுத்தப் பலகையில் உட்கார்ந்திருந்தார். போட்டோஸ்டாட் கடைக்குப் போய் எல்லாப் பத்திரத்தையும் மூன்று செட் நகல் எடுத்திருந்தார். ஒன்று மந்திரிக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று கைவசம் இருக்கட்டும் என்றார். பெட்ரோல் நிலையத்தில் அவர் இறங்கியபோது திவ்யா என் பக்கம் திரும்பினாள்.

"மா, அங்கிள் இத கோர்ட் மாதிரி நெனச்சிட்டு இருக்காரு லா. நீங்க எக்ஸ்பிளெயின் பண்ணலியா?"

"அவருக்குத் தெரியும்டி."

"அவருக்குத் தெரியல மா. உங்களுக்குத்தான் தெரியுது."

தமிழ் வாசிக்கத் தெரியாத பெண். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வீடு திரும்பும் வரை அவளோடு பேசவில்லை.

அரங்கில் இருநூறு நாற்காலி. பேராளர்கள் பாதிப் பேர் காலையிலேயே பத்துமலைக்குப் பேருந்தில் போய்விட்டார்கள். மீதிப் பேர் கடைத்தெருவுக்கு. இருந்தது அமர்வுத் தலைவர், ஒருங்கிணைப்பாளர், இரண்டு மாணவிகள், ஒலிபெருக்கிக்காரர். நான் என் நாலு நிமிடத்தை மூன்றாகக் குறைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மேடையேறி, பின்னால் தொங்கிய பதாகையில் இருந்த அரசு முத்திரையைப் பார்த்து முதலில் கும்பிட்டார். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அரசாங்கத்துக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தார். பெயர் சொன்னார், தாய் பெயர் சொன்னார், லயத்தின் வீட்டு எண் சொன்னார். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாக உயர்த்திக் காட்டினார். மணி அடித்தது. அது தமக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. நடுவில், பெரியவர்களுக்கு மலாய் மொழியில் சொன்னால்தான் சரியாக விளங்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று மாறினார். "சாயா லாஹிர் டி சினி, துவான். எமாக் சாயா மாத்தி டி சினி." நான் இங்கேதான் பிறந்தேன் ஐயா, என் அம்மா இங்கேதான் செத்தாள். இரண்டாம் மணியும் அடித்தது. ஒருங்கிணைப்பாளர் சிரித்த முகத்தோடு மேடையேறி அவர் தோளில் பொன்னாடையைப் போட்டார். பேச்சு நின்றுவிட்டது. ஐந்து பேர் கைதட்டினோம்.

"சார், இந்த செட்ட யாருகிட்ட குடுக்கணும்?"

ஒருங்கிணைப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா பார்க்கிறோம் ஐயா" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். முகம் முழுக்க நன்றி.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பையை எடுக்க அரங்குக்குப் போனேன். அந்த செட் முதல் வரிசை நாற்காலியில் கிடந்தது. மேலே ஒரு காலி காப்பிக் கோப்பை. துடைத்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது இன்னும் என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

4

புத்தகம் வந்த அன்று மதிய இடைவேளையில் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன்.

"காலியா விட்டா தணிக்கையில கேப்பாங்க மேடம். அயல்நாட்டுத் தகவலாளின்னு சொல்லித்தானே நம்ம ஊர் அரசுகிட்ட நிதியே வாங்கியிருக்கோம். மலேசியாவுல இருக்கறவரு மலேசியர்தானே?"

"நான் எழுதினதே அவர் மலேசியர் இல்லைன்னுதான் சார்."

"கட்டுரைய நாங்க தொடவே இல்லையே மேடம். பக்கம் கூடிப்போச்சுன்னு அந்த நேர்காணல் பகுதிய மட்டும் எடுத்தோம். மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு."

அதற்குப் பிறகுதான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டுரையைப் படித்துப் பார்த்தேன். முன்னுரை இருந்தது, வரையறை இருந்தது, துணைநூற் பட்டியல் இருந்தது. அண்ணன் என்னிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னது எதுவும் இல்லை. நாடற்றோர் என்ற சொல் தலைப்பில் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே என் பெயர்.

புத்தகத்தை அவரிடம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அல்லது கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். வருகிற சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று கோழைத்தனமாக வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வரை படித்தவர் என்பதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையே போன் வந்தது.

"டீச்சர்! போட்டுட்டாங்க!" குரல் உடைந்திருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல வீட்டுல, அந்த சார் வாங்குன வாங்குலயே தெரிஞ்சிச்சின்னு? புக்குலயே போட்டுட்டாங்க லா. கவர்மென்டு சாப்போட."

சாப் என்றால் இங்கே முத்திரை. அவரே மேலும் சொன்னார்: பக்கத்தைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று. காலையிலேயே அட்டை கொடுக்கும் பதிவு அலுவலகத்துக்கும் போய்விட்டு வந்தாயிற்று.

"அங்க கவுண்டர்ல இருந்த பொம்பளப் புள்ள நல்ல மாதிரி டீச்சர். தொரத்தல. சியாப்பா தூலிஸ், இத யாரு எழுதுனதுன்னு கேட்டுச்சி. எங்க டீச்சர்னு சொன்னேன். எழுதுனவங்கள வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, பாப்போம்னிச்சி. திங்கக்கெழம வர்றீங்களா? லீவு கெடைக்குமா?"

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆமான்னு சொல்லிடாதே. உன் சிவப்பு ஐசிக்கே ஆபத்து" என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்த ஒரு நொடிதான் இந்தக் கதையில் நான் பெருமைப்படக்கூடிய இடம், அதுவும் நினைப்போடு சரி.

5

திங்கட்கிழமை. போகும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் அதே வெள்ளைச் சட்டையில் அலுவலக வாசலில், நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கும் சேர்த்து வாங்கியிருந்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். வாயைத் திறப்பதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கவுண்டரில் இருந்தது மூக்குக்கண்ணாடி போட்ட இளம் மலாய்ப் பெண். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். இதை எழுதியது நீங்களா? ஆமாம். இந்தக் கடைசி வரியில் குடியுரிமை மலேசியர் என்று இருப்பதாக இவர் சொல்கிறார், சரியா? சரி. அதற்கு ஏதாவது ஆதாரம் பார்த்து எழுதினீர்களா? "பெத்துல் கே, புவான்?" உண்மையா அம்மா?

இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருந்தும் என் மலாய் சந்தை மலாய்தான். மீன் விலை கேட்கலாம், பேருந்துக்கு வழி கேட்கலாம். பக்கத்தில் நிற்கிறவருக்கு அது தாய்மொழி மாதிரி. நான் எத்தனை மெதுவாகச் சொன்னாலும் அவருக்குப் புரியும்.

"தா பெத்துல், புவான். சாலா சேத்தாக்" என்றேன். உண்மை இல்லை. அச்சுப்பிழை.

அவள் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தாள். கோபிக்கவில்லை. பழைய மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, கடிதம் வரும் என்றாள். அவர் "தெரிமா காசே" என்று நன்றி சொல்லி, ஃபைலை மூடி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்: தணிக்கை, காலிக் கட்டம், நிதி. அவர் காது கொடுத்தாரா என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"அப்போ அன்னைக்கு அந்த சார் வாங்கிட்டுப் போன செட்டு? அதுக்கு ஏதாச்சும் பதில் வருமா டீச்சர்?"

அலமாரி, சேலை, காப்பிக் கறை எல்லாம் கண் முன்னால் வந்தது. "தெரியலண்ணே" என்றேன். அன்றைக்கும் என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

அவர் ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்தை மறுபடி வெளியே எடுத்தார். கடைசி வரியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு மேல் வரியைக் காட்டினார்.

"தாய் பேரு அங்கம்மான்னு போட்டிருக்கே. இதுவும் சாலா சேத்தாக்கா?"

"இல்லண்ணே. அது சரி. அது நான் எழுதினது."

"என் பேரும் அம்மா பேரும் ஒண்ணா இருக்கற காயிதம் இது ஒண்ணுதான்" என்றார். கட்டத்தில் தாய் பெயர் என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள், அதனால்தான் நான் எழுதினேன். கேட்டிருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

பக்கத்தைத் திரும்ப ஃபைலுக்குள் வைக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொண்டார்.

"இனிமே ஆபீஸ்ல காட்ட மாட்டேன், பயப்படாதீங்க. வீட்டுல சாமி படத்துக்கிட்ட வெச்சிடறேன். அம்மாவுக்குத்தான் போட்டோ கிடையாதே."

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போய்விட்டது. நாசி லெமாக் பொட்டலம் என் கையில் இன்னும் சூடாக இருந்தது.